நிறம் போனால் போதுமா?

சாயப்பட்டறைக் கழிவுநீரை வாழைத்தண்டைக் கொண்டும், தென்னைநார்த் தூளைக் கொண்டும், உமியைக் கொண்டும், கரும்புச் சக்கையைக் கொண்டும் தெளிய வைத்துவிடலாம் என்று நமது கல்லூரிகளிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஓயாமல் வெளிவந்துகொண்டிருக்கின்றன. கண்ணாடிக் குடுவையில் கருஞ்சிவப்பாயிருந்த நீர், ஒரு பிடி தூளைப் போட்டுக் கலக்கிய சிறிது நேரத்தில் வெளுத்துவிடுகிறது. அதைக் காண்பவர்களுக்கு நமது தேசத்தின் பெருந்துயரம் ஒன்றுக்குப் பரிகாரம் கிடைத்துவிட்டதாகவே தோன்றும். தோட்டத்தில் அழுகிக் கிடக்கும் பொருள். அந்நிய நாட்டிலிருந்து யந்திரம் தருவிக்க வேண்டாத முறை. இதைவிடச் சிறந்த சுதேசி மருந்து வேறென்ன வேண்டும்? இவ்வாராய்ச்சியை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும், காவிரியின் கடைமடையில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை நோக்குகிற நமக்கு ஒரு கேள்வி கேட்கும் கடமை இருக்கிறது. நீரிலிருந்து நிறம் போய்விட்டால் அந்நீர் வயலுக்கு உகந்ததாகிவிடுமா? இதற்கு நேரான விடை கிடைக்கும் வரையில், வெளுத்த நீரைக் கண்டு எவரும் ஏமாறலாகாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

திருப்பூரைப் போலச் சாயத்துக்குப் பேர்போன ஊரன்றே காரைக்கால், இங்குள்ளவர்களுக்கு இதில் என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நதி செல்லும் வழியை நோக்கினால் இக்கேள்விக்கு இடமிராது. திருப்பூரின் ஊடே ஓடும் நொய்யல், கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கிறது. ஈரோடு, பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய நெசவு ஊர்கள் காவிரிக் கரையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. கரூர் அமராவதிக் கரையில் இருக்கிறது. இவையனைத்தும் கல்லணைக்கு மேலே உள்ளவை. கல்லணைக்குக் கீழே பிரிந்து ஓடும் கிளைகளில் ஒன்றான அரசலாறு, கும்பகோணத்தைத் தாண்டி வந்து, காரைக்காலில்தான் கடலைச் சேர்கிறது. நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு முதலியவையும் இச்சிறு பூமியின் வழியாகவே கடலுக்குப் போகின்றன. மேலே எது விடப்பட்டாலும் அதன் கணக்கு முடிகிற இடம் இதுவே. நெல் அறுவடைக்குப் பின் நம் குடியானவர்கள் பருத்தி பயிரிடுகிறார்கள். பருத்தி பஞ்சாலையை நாடி மேற்கே போகிறது. ஆறு மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. அனுப்பிய பருத்திக்குப் பிரதியாக நமக்கு வருவது என்ன என்று விசாரிக்கக் கடைமடையானுக்கு உரிமை உண்டு.

2007-ம் வருஷத்திய காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பும், அதன்பின் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும் புதுவை யூனியன் பிரதேசத்துக்கு 7 டி.எம்.ஸி. நீர் உரியதென்று வகுத்தன. அந்நீர் காரைக்காலுக்கு உரியது. இந்த 7 டி.எம்.ஸி.க்காக நாம் பேசியதும் எழுதியதும் கொஞ்சமல்ல, அது நியாயமே. ஆனால் எத்தனை நீர் என்று கேட்பதோடு நின்றுவிட்டு, எத்தகைய நீர் என்று கேளாதிருப்பது பாதி வழக்கை மட்டும் நடத்துவதாகும்.

திருப்பூரின் அநுபவத்தை இங்கே நினைவுகூர்வது அவசியம். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று எழுப்பப்பட்ட அணை 1992-ல் முடிவடைந்தது. அவ்வணையில் மழைநீரோடு சாயக்கழிவும் வந்து தேங்கியது. உலகத்தில் எங்கும் குடியானவன் அணை நிறைய வேண்டுமென்றுதான் வேண்டிக்கொள்வான். இங்கேயோ, அணையில் நீரைத் தேக்கவேண்டாமென்று குடியானவர்களே முறையிடும்படியான விபரீத நிலை ஏற்பட்டது. நொய்யல் நதி ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்தார் நீதிமன்றத்தை அடைந்தார்கள். 2006-ம் வருஷக் கடைசியில் சென்னை ஹைக்கோர்ட்டு, விடப்படும் கழிவுநீர் லிட்டர் ஒன்றுக்கு 6 காசில் தொடங்கிப் படிப்படியாக 10 காசு வரையில் சாயப்பட்டறைகள் செலுத்தவேண்டுமென்று விதித்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும், அழுக்குச் செய்தவனே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்ற நியாயத்தை நிலைநிறுத்தியது. அதன் பிறகும் நிலைமை சீர்ப்படாமையால், 2011 ஜனவரி 28-ல் ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடிவிட உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகளில் அடுப்பு அணைந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல், திரும்ப எடுத்து உபயோகிக்கும் பட்டறைதான் நடக்கலாம் என்பது விதியாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்திருத்தத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக அளிக்க நேர்ந்தது.

இவ்வழக்கில் கவனிக்கத்தக்க விஷயமொன்று உண்டு. ஆயக்கட்டுதாரர்களின் பயிரைக் கருக்கியது வெறும் நிறமன்று. நீரில் கரைந்திருந்த உப்பு. விவாதமெல்லாம் பெரும்பாலும் 2,100 என்ற எண்ணைச் சுற்றியே நடந்தது. லிட்டர் ஒன்றுக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புள்ள கழிவை ஆற்றில் விடலாகாது என்பது விதி. நிறத்தைக் குழந்தையும் காணும். உப்பைக் காண்பதற்கு நாக்கோ கருவியோ வேண்டும். ஆதலால்தான் நிறத்தைப் போக்கும் வித்தைகளைப் பற்றி நாம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியிருக்கிறது.

சாயத்தில் உப்புக்கு என்ன வேலை? முற்காலத்தில் சோழமண்டலக் கரையில் சாயமென்றால் அவுரியும் சாயவேருமே. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுவையில் அவுரி நீலம் தோய்த்த துணி, கடல் கடந்து ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரை வரையில் சென்று, அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாகக் கொள்ளப்பட்டது. அவுரியின் சக்கை எருவாயிற்று. தழை வயலுக்கு உரமாயிற்று. 1856-ல் பெர்க்கின் என்ற ஆங்கிலேயர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1897-ல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் நமது அவுரி வியாபாரம் படுத்தது. 1956-ல் பருத்தி இழையோடு ரசாயனப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும் புதுவகைச் சாயங்கள் சந்தைக்கு வந்தன. இன்று பனியன் துணிக்குப் போடுவது பெரும்பாலும் இவ்வகையே. துவைத்தால் வெளுக்காத இச்சாயத்தில் இரண்டு குறைகள் உண்டு. போட்ட சாயமெல்லாம் துணியில் ஏறுவதில்லை. பத்தில் ஒரு பங்கு முதல் சில சமயங்களில் பாதி வரையில் நீரிலேயே தங்கிவிடும். மேலும், சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதற்கு ஏராளமான உப்பு வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் உப்பும், கிலோ துணிக்கு 10 லிட்டர் சாயநீரும் என்று நடுத்தரமாகக் கொண்டால், ஒரு கிலோ துணிக்கு 600 கிராம் உப்பு செலவாகிறது. அந்த உப்பில் ஒரு துளியும் துணியோடு போவதில்லை. அவ்வளவும் கழிவுநீரிலேயே நிற்கிறது.

இனி, நார் செய்யும் வேலையைப் பார்ப்போம். மரக்கரிக்கு நிறத்தையும் நாற்றத்தையும் பற்றிக்கொள்ளும் குணம் உண்டென்பதை நெடுங்காலமாக உலகம் அறியும். சர்க்கரை ஆலைகள் கரியைக்கொண்டு பாகை வெளுத்து வந்தன. விலையுயர்ந்த கரிக்குப் பதிலாக நமது தோட்டக் கழிவை உபயோகிக்கலாகாதா என்ற விசாரணையில், கோயம்புத்தூர் பாரதியார் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் ஸி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் செய்த உழைப்பு உலகமெங்கும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. 1992-ல் வாழைத்தண்டைப் பற்றியும், 2002-ல் தென்னைநார்த் தூளைச் சுட்டெடுத்த கரியைப் பற்றியும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் முன்னோடிகளாகும். திருப்பூருக்குப் பக்கத்திலேயே, திருப்பூரின் நோய்க்கு மருந்து தேடிய தமிழர்களைப் பற்றி நாம் பெருமை கொள்ளவேண்டும். அவர்கள் தங்கள் முடிவுகளை அளவோடும் நேர்மையோடும் வெளியிட்டார்கள். அவ்வளவைப் படியாமல், தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஆரவாரம் செய்பவர்களோடுதான் நமக்கு வழக்கு.

அந்த 2002-ம் வருஷத்திய கட்டுரையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. காங்கோ சிவப்பு என்னும் சாயத்தை ஒரு கிராம் நார்த்தூள் கரி 6.7 மில்லிகிராம் வரையில் பற்றும் என்று அவர்கள் கண்டார்கள். இதை வைத்துக்கொண்டு நாமே பெருக்கிப் பார்ப்போம். ஒரு கிலோ துணிக்கு 30 கிராம் சாயம் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு நீரில் நின்றுவிட்டால், 10 கிராம் சாயத்தை நீக்கவேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். துணியின் எடையைவிடக் கரியின் எடை அதிகமாகிறது! சாயத்துக்குச் சாயம் கணக்கு மாறும் என்பதும், ரசாயனப் பொருள் சேர்த்துப் பதப்படுத்தினால் கரியின் சக்தி பன்மடங்காகும் என்பதும் உண்மையே. ஆனால் பதப்படுத்திய ரசாயனத்தைக் கழுவிய நீர் எங்கே போகும் என்ற கேள்வி அப்போது எழும். ஒரு கழிவை நீக்க மற்றொரு கழிவை உண்டாக்குவது பரிகாரமாகாது.

இரண்டாவது இடையூறு சாயத்தின் ஜாதியைப் பொறுத்தது. தாவர நாரின் மேற்பரப்பு நீரில் பெரும்பாலும் எதிர்மின் தன்மை உடையது. ஆகையால் நேர்மின் தன்மையுள்ள சாயங்கள், அதாவது அக்ரிலிக் நூலுக்கும் சணலுக்கும் காகிதத்துக்கும் போடப்படுபவை, பச்சை நாரிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். பருத்திக்குப் போடும் சாயமோ எதிர்மின் வகையைச் சேர்ந்தது. நார் அதை விலக்கும். வாழைநாரும் பருத்தியும் அடிப்படையில் ஒரே செல்லுலோஸ்தான். உப்பைக் கொட்டி, காரமும் சூடும் ஏற்றியும் பருத்தியில் ஒட்டாமல் நழுவிய சாயம், வாழைநாரைக் கண்டதும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அமிலம் விட்டு நீரின் தன்மையை மாற்றவேண்டும், அல்லது நாரையே மாற்றவேண்டும். குடுவைப் பரீக்ஷையில் பெரும்பாலும் நேர்மின் சாயமொன்றைச் சுத்த நீரில் கரைத்து வைத்துக்கொண்டு வெற்றி காண்கிறார்கள். பட்டறைச் சாக்கடையில் பல சாயங்களும், சோடாவும், பசையும், எண்ணெயும், உப்பும் ஒன்றாய்க் கலந்து ஓடுகின்றன. பச்சை நார்த்தூளே தன் பங்குக்குப் பழுப்புச் சாற்றை நீரில் இறக்கும் என்பதை, தேங்காய் மட்டை ஊறிய குட்டையைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவதே முக்கியமானது. சாயமனைத்தையும் நார் விழுங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த 600 கிராம் உப்பு என்னவாயிற்று? கரைந்த உப்பை நாரும் பற்றாது, கரியும் பற்றாது. அது போட்டபடியே இருக்கிறது. நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்கள். அம்முறையின் பெருமையை நாம் அறிவோம். ஆனால் உவர்க் கிணற்றில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நன்னீர் இறைத்தவர் எவரும் இல்லை. தெளிவு வேறு, சுவை வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாயநீரில் உப்பை நீக்குவதற்கு இன்றைய தினம் நடைமுறையில் உள்ள வழி, ஜனங்கள் ஆர்.ஓ. என்று வழங்கும் சவ்வு முறையும், மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைப்பதுமே. அவை பெருஞ் செலவும் மின்சாரமும் பிடிப்பவை. அச்செலவிலிருந்து தப்புவதற்கு நாரைக் காட்டுவார்களானால், அங்கேதான் மோசம் இருக்கிறது. சிவப்பாய் ஓடும் வாய்க்காலைக் கண்டால் ஊர் திரண்டு எழும். வெளுத்த உப்புநீர் ஓடும் வாய்க்காலைக் கண்டு எவரும் எழமாட்டார்கள்; மூன்று வருஷங்களுக்குப் பின் நிலம் பூத்துக் கிடக்கும்போதுதான் எழுவார்கள். நிறம் என்பது ஒருவகையில் ஏழைக் குடியானவனுக்குக் கிடைத்துள்ள எச்சரிக்கை மணி. நோயைத் தீர்க்காமல் மணியை மட்டும் அவிழ்த்துவிடுவது வைத்தியமாகாது.

உப்பு என்றால் என்னவென்று காரைக்கால் ஜனங்களுக்கு ஒருவர் உபதேசிக்கவேண்டியதில்லை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி நாகப்பட்டினம், காரைக்கால் கரையோர வயல்களில் புகுந்தது. நீர் வடிந்த பின்னும் நிலத்தில் உப்பு நின்றது. மழைநீரைத் தேக்கி வடித்தும், ஜிப்ஸம் இட்டும், பசுந்தாள் உரம் மடக்கி உழுதும் அந்நிலங்களை மீட்கப்பட்ட பாடு இன்னும் மறந்துவிடவில்லை. கடல் ஒருநாள் செய்ததை, கவனிப்பாரற்ற வாய்க்கால் நாள்தோறும் கொஞ்சங்கொஞ்சமாகச் செய்ய வல்லது. மேலும் கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறாமல் தடுத்துக்கொண்டிருப்பது ஆற்றில் வரும் நன்னீரே. அந்நன்னீரே உப்போடு வருமானால் நிலம் இரு பக்கமும் முற்றுகையிடப்பட்டதாகும்.

நான்காவதாக, சாயத்தைக் குடித்த நாரை என் செய்வது? சாயம் அழிந்துவிடவில்லை, நீரிலிருந்து நாருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அந்நாரைக் குப்பைமேட்டில் கொட்டினால் அடுத்த மழையில் சாயம் திரும்ப இறங்கும். எருக்குழியில் போட்டால் வயலுக்கே வந்து சேரும். திறந்த வெளியில் கொளுத்தினால் புகையாய் வரும். ஜாக்கிரதையான உலையில் உயர்ந்த சூட்டில் எரிப்பது ஒரு வழி. சிமெண்டு ஆலைகளின் உலைகள் இதற்கு உதவக்கூடும். ஆனால் சுமந்து செல்லும் கூலியும் எரிக்கும் செலவும் யார் தலையில் விழும் என்று முன்னமே சொல்லவேண்டும்.

இவற்றால் நாரே பயனற்றதென்று நாம் சொல்வதாக எவரும் பொருள் கொள்ளவேண்டாம். அதற்கு உரிய இடம் உண்டு. நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர் மட்டும் உபயோகிக்கும் கைத்தறிச் சாயக்காரருக்கு, சவ்வு யந்திரம் கனவிலும் எட்டாதது. இன்று அவருடைய நீர் நேரே சாக்கடைக்குப் போகிறதென்றால், அதற்கு நார்ப்படுகை ஒன்று எத்தனையோ மேல். பெரிய நிலையங்களிலும், சவ்வுக்கு முன்னால் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு குறைத்து, விலையுயர்ந்த சவ்வின் ஆயுளை நீடிக்க நார்க்கரி துணைசெய்யக்கூடும். அதாவது, நார் நல்ல வேலையாள். ஆனால் வீட்டுக்கு எஜமானனாக வைக்கத்தக்கதன்று.

கழிவு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆனால் அது அரிசி ஆலையின் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கிலோ மஞ்சி எடுத்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் நார்த்தூள் விழும். அதுவும் இன்று செடி வளர்க்கும் ஊடகமாகக் கட்டிகளாக்கப்பட்டு அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. பட்டணத்தான் கழிவென்று கருதுவதற்கும் கிராமத்தில் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். உண்மையிலேயே கேட்பாரற்றுக் கிடப்பவை, வெட்டி எறியப்படும் வாழைமரமும், பருத்திமாரும், வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்குமே. ஆராய்ச்சி அவற்றின் பக்கம் திரும்பட்டும். வாய்க்காலும் தூர்ந்து போகாமல் தப்பும். அள்ளிக் கொடுக்கும் கூலியாளுக்கும் நாலு காசு கிடைக்கும்.

சட்டத்தின் நிலைமையை இப்போது கவனிப்போம். தமிழ்நாட்டுச் சர்க்கார் 1989-ல் நதிகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும், 1998-ல் காவிரி முதலிய நதிகளுக்கு 5 கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும், சாயத்தொழில் உட்பட்ட மாசுத் தொழில்களைத் தொடங்கலாகாதென்று உத்தரவுகள் பிறப்பித்தது. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் இயற்றியது. இவற்றில் எதுவும் காரைக்கால் எல்லைக்குள் செல்லாது. ஏறக்குறைய 160 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள இப்பிரதேசம், 1954-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டதிலிருந்து புதுவையோடு சேர்ந்தே ஆளப்பட்டு வருகிறது. 1974-ம் வருஷத்திய நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி யூனியன் பிரதேசங்களுக்குத் தனி வாரியம் கிடையாது. மத்திய வாரியத்தின் அதிகாரத்தையே புதுவையிலுள்ள குழுமம் ஒப்படைப்பாகப் பெற்றுச் செலுத்துகிறது. ஒரே ஆற்றுக்கு மேற்கே ஒரு வாரியம், கிழக்கே ஒரு குழுமம். ஆற்று நீருக்கு இந்த எல்லைக் கல் தெரியாது. சட்டத்துக்கு மட்டும் தெரிகிறது.

சட்டம் இறுகிய இடத்திலிருந்து இளகிய இடத்துக்குத் தொழில் நகர்வது புதிதன்று. திருப்பூரில் 2011-ல் பூட்டு விழுந்தபோது, சாயம் தோய்க்கும் வேலை அண்டை ஜில்லாக்களுக்கு இடம்பெயர்ந்ததையும், அங்கெல்லாம் புதிய முறையீடுகள் எழுந்ததையும் பார்த்தோம். துறைமுகமும், ரயிலும், குறைந்த வரியும் உள்ள ஒரு சிறு பிரதேசத்தை எவர் கண்ணும் நாடக்கூடும். அப்படி வருபவர், எங்களிடம் இயற்கை முறைச் சுத்திகரிப்பு இருக்கிறது, உங்கள் தோட்டத்து வாழைநாரையே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னால், அது நம் ஜனங்களின் காதுக்கு எவ்வளவு இனிமையாயிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். வந்தபின் கோர்ட்டு வாசலில் பத்து வருஷம் நிற்பதைவிட, வருமுன் விதியை எழுதிவைப்பது விவேகம்.

இதற்குப் பட்டறை முதலாளிகள் சொல்லும் சமாதானத்தையும் கேட்பது நியாயம். செலவு மேலே ஏறினால் வேலை அந்நிய தேசங்களுக்குப் போய்விடும், ஆயிரக்கணக்கான தொழிலாளர் பிழைப்பை இழப்பார்கள் என்கிறார்கள். 2011-ல் தொழிலாளர் பட்ட கஷ்டத்தை நாம் லேசாக நினைக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். சுத்திகரிப்புக்குச் செலவு செய்யாமல் மிச்சப்படுத்திய பணம் உண்மையில் மிச்சமா? ஆற்றோரத்தில் கிணறு இழந்தவனும், நிலம் இழந்தவனும் அதைக் கட்டினார்கள். வாங்கியவன் கணக்கில் மட்டும் அது வரவில்லை. தோல் பதனிடும் தொழிலைப் பற்றிய வேலூர் வழக்கில் 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு, தொழிலும் வளரவேண்டும், அதன் பேரால் நீரும் நிலமும் கெடலாகாது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. தொழிலாளியின் பெயரைச் சொல்லிக் குடியானவனை அழிப்பதும், குடியானவனின் பெயரைச் சொல்லித் தொழிலாளியைத் தெருவில் விடுவதும் நமக்குச் சம்மதமல்ல. சிறு சாயக்காரர்களுக்குச் சர்க்கார் கடனுதவி அளிப்பது இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நேரான வழி.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. காரைக்காலில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. மண்ணை அறிந்தவர்களும் ரசாயனத்தை அறிந்தவர்களும் ஒரே ஊரில் இருப்பது பாக்கியம். இவ்விரண்டையும் சேர்த்து, கண்ணாடிக் குடுவையில் அல்ல, நிஜமான சாயப்பட்டறையின் நிஜமான கழிவைக் கொண்டு, ஒரு வருஷகாலமாவது நார்ப்படுகையை நடத்திப் பார்க்கப் புதுவைச் சர்க்கார் பொருளுதவி செய்யவேண்டும். முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் தமிழில் வெளியிடப்படவேண்டும். ஆறுகள் காரைக்கால் எல்லையில் நுழையும் இடங்களில் இரு சர்க்கார்களும் கூடி மாதந்தோறும் நீரைப் பரிசோதித்து, நிறத்தை மட்டுமின்றிக் கரைந்த உப்பின் அளவையும் பஞ்சாயத்து வாசல்களில் எழுதி ஒட்டவேண்டும். நதிக்கரைத் தூரத்தைப் பற்றிய தமிழ்நாட்டு விதியைப் போன்ற விதியைப் புதுவையும் காரைக்காலுக்கு இயற்றவேண்டும். இத்தனை ஆறுகள் ஓடும் இச்சிறு பூமியில் 5 கிலோமீட்டர் விதி வந்தால் புதிய சாய ஆலைக்கு இடமே அநேகமாக இராது என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால், அதுவே இப்பூமி எதற்கு உரியது என்பதற்குத் தக்க சாட்சி.

பொதுஜன ஊழியர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையை எவரேனும் மேடையில் உயர்த்திக் காட்டினால், உடனே கை தட்டவும் வேண்டாம், சண்டைக்குப் போகவும் வேண்டாம். மரியாதையாக நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தச் சாயம்? எவ்வளவு நார்? உப்பு எங்கே? சாயம் குடித்த நார் எங்கே? நான்குக்கும் எழுத்து மூலமாக விடை தருபவரை நாம் இரு கைகளாலும் வரவேற்போம். நம் தோட்டத்து வாழைமட்டையையும் மனமுவந்து கொடுப்போம். முதல் கேள்வியோடு பேச்சை மாற்றுபவரிடம், குவளையிலுள்ள நீரை வயலுக்குப் பாய்ச்சுவதற்கு முன்னால் ஒரு துளி நாக்கில் விட்டுப் பார்க்கச் சொல்லலாம். கடைமடைக் குடியானவன் நீரை எப்போதும் அப்படித்தான் அறிந்திருக்கிறான்.